விடைபெறத் தெரிந்த அன்னை ஸ்டெபா

தொண்டு செய்யச் செல்வது எளிது. தொண்டு செய்த இடத்திலிருந்து விடைபெற்றுத் திரும்புவதுதான் கடினம். அதிலும் அந்த இடம் குழந்தைகள் இல்லமாக இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். சில வாரங்களுக்குள் நம் விரலைப் பிடித்து நடக்கப் பழகிவிட்ட குழந்தை, நாம் பெட்டியைக் கட்டும்போது வாசற்படியில் வந்து நிற்கிறது. மீண்டும் எப்போது வருவீர்கள் என்று கேட்கிறது. நாமும் கண்களைத் துடைத்துக்கொண்டு, விரைவில் வருவோம் என்று சொல்லிவிடுகிறோம். சொன்னபடி திரும்பிச் செல்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இன்று பல நாட்டு இளைஞரும் இளம்பெண்களும் விடுமுறை நாட்களில் கடல் கடந்து சென்று குழந்தைகள் இல்லங்களில் சில வாரங்கள் பணிபுரிந்து திரும்புகின்றனர். அவர்கள் நோக்கம் நல்லதே. ஆனால் வந்து வந்து போகிறவர்களிடம் பாசம் வைத்து, பிரிந்து, மீண்டும் பாசம் வைத்துப் பிரியும் குழந்தையின் உள்ளம் என்ன பாடுபடும் என்பதை அறிஞர்கள் இப்போது எடுத்துரைக்கின்றனர். இத்தகைய தொண்டுப் பயணங்களால் குழந்தைகளுக்குத் தீங்கு நேரக்கூடும் என்று 2019-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையின் தீர்மானம் ஒன்றும் கவலை தெரிவித்தது.

ஆகவே, பிறர் நாட்டுக் குழந்தைகளுக்குப் பணிவிடை செய்து, அவர்களிடம் முறையாக விடைபெற்று, தம்மை எதிர்பார்த்திருந்த குழந்தைகளிடம் திரும்பிய ஓர் அம்மையாரின் வாழ்க்கையை இங்கே நினைத்துப் பார்ப்பது நமக்கு நலம் பயக்கும். அவர் பெயர் ஸ்டெபானியா வில்ச்சின்ஸ்கா. போலந்து நாட்டுக் குழந்தைகள் அவரை ஸ்டெபா அம்மா என்றே அறிந்திருந்தனர்.

பிறப்பும் கல்வியும்

ஸ்டெபா 1886-ஆம் ஆண்டு மே மாதம் வார்சா நகரில், வசதி படைத்த யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அக்காலத்தில் வார்சா, ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அங்கிருந்த பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடமில்லை. கல்வி வேட்கை கொண்ட பெண்கள் அயல்நாடு செல்ல வேண்டியிருந்தது. ஸ்டெபாவும் பெல்ஜியம் நாட்டிலுள்ள லியேஜ் பல்கலைக்கழகத்திற்குச் சென்று இயற்கை அறிவியல் பயின்றார்.

படித்து முடித்த செல்வக் குடும்பத்துப் பெண்ணுக்கு எத்தனையோ வழிகள் திறந்திருந்தன. அவரோ வார்சாவுக்குத் திரும்பியதும், பிரான்சிஸ்கான்ஸ்கா தெருவில் இருந்த யூத அநாதைக் குழந்தைகளின் சிறிய விடுதி ஒன்றைத் தேடிச் சென்றார். சம்பளம் ஏதுமின்றித் தொண்டராகவே அங்கே சேர்ந்தார். இருண்ட அறைகளும், பசியால் வாடிய பிள்ளைகளும் அவரை வரவேற்றன. பெருக்குவதும், குளிப்பாட்டுவதும், பேன் எடுப்பதும், கிழிந்ததைத் தைப்பதும் அவர் வேலையாயின. சில காலத்தில் விடுதியின் பொறுப்பே அவர் கைக்கு வந்தது.

அந்த விடுதிக்குத்தான் 1909-ஆம் ஆண்டையொட்டி ஓர் இளம் மருத்துவர் வந்தார். குழந்தைகள் மருத்துவமனையில் பணிபுரிந்தவர், எழுத்தாளரும் ஆவார். ஹென்ரிக் கோல்ட்ஷ்மித் என்பது அவர் இயற்பெயர். யானுஷ் கோர்ச்சாக் என்னும் புனைபெயரால் உலகம் அவரை அறியும். குழந்தையும் முழு மனிதனே, அவனுக்கும் மதிப்பும் உரிமையும் உண்டு என்பது அவரது கொள்கை. அக்கொள்கையை நாள்தோறும் நடைமுறையாக்க ஒரு துணை வேண்டியிருந்தது. அத்துணையாக ஸ்டெபா அமைந்தார்.

க்ரோக்மால்னா தெரு இல்லம்

1912-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், வார்சாவின் க்ரோக்மால்னா தெருவில் 92-ஆம் எண்ணுள்ள இடத்தில், அநாதைகள் இல்லம் புதுக் கட்டடத்தில் தொடங்கப்பெற்றது. பெரிய கூடம், மின்விளக்குகள், சுத்தமான குளியலறைகள் என்று அக்காலத்தில் ஏழைப் பிள்ளைகள் கனவிலும் காணாத வசதிகள் அங்கிருந்தன. ஏறத்தாழ 100 குழந்தைகள் குடியேறினர். கோர்ச்சாக் தலைவர்; ஸ்டெபா இல்லத்தின் தலைமைப் பராமரிப்பாளர்.

தொடக்கம் இனிமையாக இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பழைய விடுதியில் தம் மனம்போல் இருந்த பிள்ளைகள் புதிய ஒழுங்குகளை எதிர்த்தனர். முதல் ஆண்டு முழுவதும் போராட்டமாகவே கழிந்தது. அடியாலும் அச்சத்தாலும் அவர்களை அடக்க இருவரும் விரும்பவில்லை. பிள்ளைகளே நடத்தும் நீதிமன்றம் ஒன்றை ஏற்படுத்தினர். அதன் சட்டத்தொகுப்பில் தொடக்கத்திலுள்ள பிரிவுகள் யாவும் மன்னிப்பையும் விடுதலையையும் பற்றியவையே. பெரியவர்கள் மீதும் பிள்ளைகள் வழக்குத் தொடுக்கலாம். கோர்ச்சாக்கே அந்நீதிமன்றத்தின் முன் நின்றதுண்டு. அறிவிப்புப் பலகை, கடிதப் பெட்டி, இல்லச் செய்தித்தாள், ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை என்று படிப்படியாக இல்லம் ஒரு சிறு குடியரசாயிற்று.

கோர்ச்சாக் கதை சொல்வார், விளையாடுவார், பிள்ளைகள் அவரைச் சுற்றி மொய்ப்பர். ஆனால் விடியுமுன் எழுந்து, யாருக்குக் காய்ச்சல், யாருக்குக் காலணி கிழிந்தது, மாவு இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று பார்ப்பவர் ஸ்டெபா. எளிய கறுப்பு உடையணிந்து இல்லம் முழுவதும் சுற்றிவரும் அவரைக் கண்டால் பிள்ளைகளுக்குச் சிறிது பயம். காதைக் கழுவவில்லை, கட்டிலை ஒழுங்குபடுத்தவில்லை என்று கண்டிப்பவர் அவர்தாமே! நம் வீடுகளிலும் அப்பா இனிப்பு வாங்கி வருவார். பாடம் படிக்கச் சொல்லிக் கண்டிக்கும் வேலை அம்மாவுக்கு வாய்க்கும். அன்னையின் அருமை பிள்ளைகளுக்குப் பிற்காலத்திலேதான் விளங்குகிறது. ஸ்டெபாவின் பிள்ளைகளுக்கும் அவ்வாறே விளங்கிற்று.

முதல் உலகப் போர் 1914-இல் மூண்டபோது கோர்ச்சாக் இராணுவ மருத்துவராகப் போர்முனைக்குச் செல்ல நேர்ந்தது. அவர் திரும்பும் வரை, பஞ்சமும் குளிரும் நோயும் நிறைந்த அந்த நான்கு ஆண்டுகளும், இல்லத்தை ஸ்டெபாவே தாங்கினார்.

ஸ்டெபா திருமணம் செய்துகொள்ளவில்லை. போலந்து வழக்கப்படி மணமாகாத பெண்ணை ஒருவிதமாகவும், குடும்பத் தலைவியை வேறுவிதமாகவும் அழைப்பார்கள். இத்தனை பிள்ளைகளைப் பெற்றிருப்பவளைக் குடும்பத் தலைவியாகவே அழைக்க வேண்டும் என்று ஒருநாள் அவர் அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தாராம். வேடிக்கையாகத் தோன்றினாலும், தம் நிலையைப் பற்றி அவர் கொண்டிருந்த உறுதியான எண்ணம் அதில் வெளிப்படுகிறது.

விடைகொடுக்கும் முறை

இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். இல்லத்தின் பிள்ளைகள் 14 வயது நிறைந்ததும் வெளியேற வேண்டும். ஆண்டுதோறும் சிலருக்கு விடைகொடுப்பதும், அவர்களிடத்தில் புதியவர்களை ஏற்பதும் ஸ்டெபாவின் பணியில் ஒரு பகுதியாயிற்று. ஆகவே பிரிவைப் பற்றி அவரும் கோர்ச்சாக்கும் ஆழ்ந்து சிந்தித்திருந்தனர்.

அவ்வில்லத்தில் நற்செயல்களுக்குப் பரிசாகப் பட அஞ்சலட்டைகள் வழங்குவது வழக்கம். கடுங்குளிரிலும் மணியடித்ததும் எழுந்துவிடும் பிள்ளைக்குப் பனிக்காலக் காட்சி அச்சிட்ட அட்டை கிடைக்கும். மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு உரித்துக் கொடுத்த பிள்ளைக்கு வேறோர் அட்டை. விலை என்னவோ காசு பெறாது. ஆனால் அதனைப் பெற்றவர்கள் பொக்கிஷம்போல் காத்தனர். இல்லத்தை விட்டுச் செல்லும் பிள்ளைக்கும் ஒரு நினைவு அட்டை உண்டு. அதில் உடனிருந்த பிள்ளைகளும் பெரியவர்களும் கையெழுத்திட்டிருப்பார்கள். ஆறுதலுக்காகப் பொய்யான வாக்குறுதி எதுவும் கூறப்படமாட்டாது. தம்மால் கொடுக்க முடியாமற்போனவை எவையென்பதையும் மறைக்காமல் சொல்லியே கோர்ச்சாக் அவர்களை வழியனுப்புவார். குழந்தைக்கும் உண்மையைக் கேட்கும் உரிமை உண்டல்லவா?

இல்லத்தில் தங்கி, உணவுக்கும் உறையுளுக்கும் ஈடாகப் பிள்ளைகளுக்குப் பணிசெய்த இளம் மாணவ மாணவியரும் இருந்தனர். அவர்களைப் பயிற்றுவித்தவர் ஸ்டெபாவே. ஒவ்வொருவரும் தாம் கண்டதையும் ஐயுற்றதையும் குறிப்பேட்டில் எழுதி வைப்பர். பகல் முழுவதும் உழைத்த ஸ்டெபா அவற்றைப் படித்து ஓரத்தில் பதில் எழுதுவார். வந்து போகிற இளம் தொண்டர்கள் பிள்ளைகளின் உள்ளத்தோடு விளையாடிவிடக் கூடாது என்பதில் அவருக்கு அத்துணை அக்கறை.

கடல் கடந்த பணி

அவரிடம் பயிற்சி பெற்றவர்களுள் ஒருவர் பாலஸ்தீனம் சென்று, எயின் ஹரோத் என்னும் கூட்டுப் பண்ணையில் குடியேறியிருந்தார். பாலஸ்தீனம் அப்போது பிரிட்டிஷாரின் பொறுப்பில் இருந்தது. எயின் ஹரோத், 1921-ஆம் ஆண்டில் கில்போவா மலையடிவாரத்தில் யூதக் குடியேறிகள் நிறுவிய ஊர். விவிலியத்தில் கிதியோன் தம் 300 வீரரைத் தேர்ந்தெடுத்ததாக நாம் படிக்கும் நீரூற்று அதன் அருகில்தான் இருக்கிறது. தம் மாணவியைக் காண ஸ்டெபா 1931-ஆம் ஆண்டில் முதன்முறையாக அங்கே பயணமானார்.

கிப்புத்ஸ் எனப்படும் அத்தகைய பண்ணைகளில் அக்காலத்தில் நிலமும் உழைப்பும் வருவாயும் அனைவருக்கும் பொதுவாக இருந்தன. பெற்றோர் பகலெல்லாம் வயலில் உழைத்தனர். அவர்களுடைய குழந்தைகள் தனியே அமைந்த குழந்தைகள் வீட்டில் ஒன்றாக உண்டு, படித்து, உறங்கி வளர்ந்தனர். மாலையில் வேலை முடிந்ததும் தாயும் தந்தையும் வந்து சில மணி நேரம் பிள்ளைகளோடு இருந்தனர். நூறு பிள்ளைகளை ஒரே கூரையின் கீழ் வளர்த்துப் பழகிய ஸ்டெபாவுக்கு இந்த ஏற்பாடு மிகுந்த ஆவலை ஊட்டியது. தாமும் அக்குழந்தைகளுக்குப் பணிசெய்தார். தாம் அறிந்ததை அங்குள்ள பராமரிப்பாளர்களுக்குக் கற்பித்தார். அங்கே எபிரேயமே பேச்சுமொழி. போலந்து மொழியிலேயே வாழ்ந்தவர், நடுவயதைக் கடந்தபின் புதிய மொழியை எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது.

அதன்பின்னும் அவர் அங்கே சென்று வந்தார். அவர் வற்புறுத்தியதன் பயனாகக் கோர்ச்சாக்கும் 1934-லும் 1936-லும் எயின் ஹரோத்தைப் பார்வையிட்டார். 1938-ஆம் ஆண்டில் ஸ்டெபா மீண்டும் புறப்பட்டபோது, அங்கேயே வாழ்ந்துவிடலாம் என்ற எண்ணத்துடன் சென்றார். அவருக்கு 52 வயதாகியிருந்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் ஓயாது உழைத்துக் களைத்த உடம்பு. அவரை விரும்பி ஏற்ற ஊர். அவரைச் சுற்றி ஓடியாடும் குழந்தைகள். இதைவிட என்ன வேண்டும்?

அந்நாடும் அமைதியாக இருந்ததென்று சொல்லிவிட முடியாது. பிரிட்டிஷ் ஆட்சியையும் யூதக் குடியேற்றத்தையும் எதிர்த்து அரேபிய மக்கள் 1936-இல் தொடங்கிய கிளர்ச்சி 1939 வரை நீடித்தது. ஆயினும் ஐரோப்பாவில் திரண்டுகொண்டிருந்த இருளோடு ஒப்பிட்டால் அது பாதுகாப்பான இடமே.

விடைபெற்ற நாள்

செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1938 மார்ச்சில் ஹிட்லரின் படைகள் ஆஸ்திரியாவில் நுழைந்தன. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில், ஜெர்மனியில் வாழ்ந்த போலந்துக் குடியுரிமையுள்ள யூதர் சுமார் 17,000 பேரைக் கையில் கிடைத்த மூட்டையோடு போலந்து எல்லைக்குத் துரத்தினர். நவம்பரில் ஜெர்மனி எங்கும் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டன. 1939 மார்ச்சில் பிராக் நகரம் வீழ்ந்தது. அடுத்தது போலந்து என்பது எவருக்கும் தெரிந்ததே.

எயின் ஹரோத்தில் இருந்த ஸ்டெபாவின் உள்ளம் எந்நேரமும் க்ரோக்மால்னா தெருவையே சுற்றிக்கொண்டிருந்தது. போர் வந்தால் அந்தப் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? முன்னொரு போரின்போது பஞ்சத்தில் இல்லத்தைக் காத்த அனுபவம் அவருக்கல்லவா இருந்தது? 1939-ஆம் ஆண்டு மே மாதம் அவர் வார்சாவுக்குத் திரும்பினார். அதே மே மாதத்தில் பிரிட்டிஷ் அரசு, பாலஸ்தீனத்திற்கு வரும் யூதர்களின் எண்ணிக்கையைக் கடுமையாகக் குறைத்து அறிவிப்பு வெளியிட்டது. வெளியே வந்தவர் மீண்டும் நுழைவது அரிதாகும் காலம் அது.

தோழியரே, இந்த விடைபெறுதலைப் பற்றிச் சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். எயின் ஹரோத்துக் குழந்தைகளை ஸ்டெபா நேசிக்கவில்லையா? நேசித்தார். ஆனால் அவர்களுக்குத் தாயும் தந்தையும் இருந்தனர். பொழுது சாயும் வேளையில், புழுதி படிந்த கைகளோடு வயலிலிருந்து வந்து அவர்களை வாரி அணைக்க ஆள் இருந்தது. ஸ்டெபா போய்விட்டால் அவர்கள் வருந்துவார்கள். ஆனால் அநாதைகளாகிவிட மாட்டார்கள். க்ரோக்மால்னா தெருப் பிள்ளைகளுக்கோ அவரையும் கோர்ச்சாக்கையும் விட்டால் வேறு எவருமில்லை. தாம் எங்கே விரும்பப்படுகிறோம் என்று அவர் பார்க்கவில்லை. எங்கே நாம் இல்லாமல் முடியாது என்று பார்த்தார். அதற்கேற்ப ஓரிடத்தில் விடைபெற்றார். மற்றோர் இடத்தில் விடைபெற மறுத்தார்.

விடைபெற்ற பின்பு அவர் எயின் ஹரோத்தை மறந்துவிடவும் இல்லை. அங்குள்ள நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

மதிலுக்குள்ளே

அவர் திரும்பிய நான்காம் மாதம், 1939 செப்டம்பர் முதல் நாள், ஜெர்மானியப் படைகள் போலந்தின்மீது பாய்ந்தன. செப்டம்பர் இறுதியில் வார்சா சரணடைந்தது. யூதர்கள் கையில் அடையாளப் பட்டை அணிய வேண்டும், இன்ன வேலை செய்யலாகாது, இன்ன தெருவில் நடக்கலாகாது என்று கட்டளைகள் பெருகின.

எயின் ஹரோத் நண்பர்கள் ஸ்டெபாவை மீண்டும் வரவழைக்க முயன்றனர். பாலஸ்தீனம் செல்லும் வழி அவர் ஒருவருக்குத் திறந்திருந்தது. 1940 ஏப்ரல் மாதம் ஜெனீவாவிலுள்ள செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் அவரிடமிருந்து சில வரிச் செய்தி மட்டும் எயின் ஹரோத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தாங்கள் நலமாக இருப்பதாகவும், பிள்ளைகளை விட்டுத் தனியே வர விருப்பமில்லாததால் வரவில்லை என்றும் அதில் தெரிவித்திருந்தார். புலம்பலும் இல்லை, பெருமையும் இல்லை. ஊருக்கு வர இயலவில்லை என்று உறவினருக்கு எழுதுவதுபோல் எழுதிவிட்டார்.

1940 நவம்பரில் வார்சாவின் யூதர்கள் அனைவரையும் நகரின் ஒரு மூலையில் அடைத்து, சுற்றிலும் மதில் எழுப்பினர். நான்கு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் மூன்றரைச் சதுரக் கிலோமீட்டருக்குள் நெருக்கப்பட்டனர். க்ரோக்மால்னா தெரு இல்லம் மதிலுக்கு வெளியே இருந்ததால் பிள்ளைகள் அதைக் காலி செய்ய நேர்ந்தது. இடம்பெயர்ந்த நாளில் பிள்ளைகளுக்கான உருளைக்கிழங்கைப் படைவீரர்கள் பறித்துக்கொண்டனர். அதனைத் திருப்பிக் கேட்கச் சென்ற கோர்ச்சாக், கைப்பட்டை அணியாத குற்றத்திற்காகச் சிறையில் தள்ளப்பட்டார். அவர் வெளிவரும் வரை மீண்டும் ஸ்டெபாவே எல்லாவற்றையும் சுமந்தார்.

ஓராண்டில் மீண்டும் இடமாற்றம். இம்முறை இன்னும் குறுகலான கட்டடம். பிள்ளைகளின் தொகையோ 200-ஐ எட்டியது. பகலில் உண்டு, படித்து, விளையாடிய அதே பெரிய கூடத்தில் இரவில் படுக்கை விரித்தனர். தெருவில் மனிதர் பசியால் விழுந்து மடிந்தனர். கோர்ச்சாக் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகச் சென்று பிள்ளைகளுக்காகப் பிச்சை எடுத்தார். அவர் கொண்டுவந்ததைப் பங்கிட்டு, நோயாளிகளைக் கவனித்து, கூடத்தைக் கழுவி, பாடமும் வேலையும் முறை தவறாமல் நடக்கச் செய்தவர் ஸ்டெபா. வெளியே உலகம் குலைந்து கிடந்தபோதும், உள்ளே குழந்தைக்குக் கழுவிய தட்டும் மடித்த போர்வையும் இருக்க வேண்டும் என்பதில் அவர் தளரவில்லை.

1942 ஜூலை 18-ஆம் நாள் பிள்ளைகள் ஒரு நாடகம் நடித்தனர். அது எந்த நாடகம் தெரியுமா? நம் நாட்டு மகாகவி இரவீந்திரநாத் தாகூர் இயற்றிய அஞ்சல் நிலையம்! நோயுற்ற சிறுவன் அமல், வெளியே செல்ல அனுமதியின்றிச் சன்னலோரம் அமர்ந்து, வழியில் போவோரிடமெல்லாம் பேசி, அரசரிடமிருந்து தனக்குக் கடிதம் வரும் என்று காத்திருந்து கண்மூடும் கதை. மதிலுக்குள் அடைபட்டிருந்த குழந்தைகளுக்கு அமலின் சன்னல் எவ்வளவு நன்றாகப் புரிந்திருக்கும்! வங்க மண்ணில் பிறந்த ஒரு கதை, அத்தனை தொலைவில், அத்தகைய வேளையில், அந்தப் பிள்ளைகளுக்குத் துணை நின்றதை எண்ணும்போது நம் நெஞ்சு நெகிழ்கிறது.

கடைசிப் பயணம்

நான்கு நாட்களுக்குப் பிறகு, ஜூலை 22-ஆம் நாள், மதிலுக்குள் இருந்த மக்களை இரயிலேற்றி அனுப்பும் கொடுமை தொடங்கியது. இரண்டு மாதங்களுக்குள் ஏறத்தாழ 2,65,000 பேர் அவ்வாறு கொண்டுசெல்லப்பட்டனர். ஆகஸ்ட் மாதம் முதல் வாரத்தில் ஒருநாள் அநாதைகள் இல்லத்தின் முறையும் வந்தது.

காலையில் வந்த படைவீரர்கள் எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்றனர். பிள்ளைகள் பதறியோடவில்லை. கோர்ச்சாக், ஸ்டெபா, இன்னும் சில பணியாளர்கள் எல்லோரும் பிள்ளைகளை வரிசைப்படுத்தினர். ஏறத்தாழ 200 பிள்ளைகள், சுட்டெரிக்கும் வெயிலில், தெருக்களின் வழியே இரயிலடி வரை நடந்தனர். முன்னே கோர்ச்சாக் சென்றார். பின்னே தம் பகுதிப் பிள்ளைகளை நடத்திக்கொண்டு ஸ்டெபா சென்றார். அந்த ஊர்வலத்தைக் கண்டவர்கள் வாழ்நாள் முழுதும் அதை மறக்கவில்லை.

வார்சாவுக்கு வடகிழக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டிரெப்ளிங்கா என்னும் இடத்திற்கு இரயில் சென்றது. அங்கே சென்றவர்கள் நச்சுப்புகையால் கொல்லப்பட்டனர். அவ்வொரு முகாமில் மட்டும் 7 லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். ஸ்டெபாவும், கோர்ச்சாக்கும், அவர்தம் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். ஸ்டெபாவுக்கு அப்போது 56 வயது.

பெயரில்லாத கல்

டிரெப்ளிங்காவில் இப்போது ஆயிரக்கணக்கான கருங்கற்கள் நட்டு நினைவிடம் அமைத்துள்ளனர். ஊர்களின் பெயர்களே அக்கற்களில் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரே ஒரு கல்லில்தான் ஒரு தனி மனிதரின் பெயர் இருக்கிறது: யானுஷ் கோர்ச்சாக்கும் குழந்தைகளும் என்று அக்கல் கூறுகிறது. ஸ்டெபாவின் பெயர் அதில் இல்லை.

இது நமக்கு வருத்தமளிக்கிறது. கோர்ச்சாக்கின் புகழ் அவருக்கு முற்றிலும் உரியதே. அவர் விதைத்த கருத்துகள் வீண்போகவில்லை. போலந்து நாடு முன்மொழிந்து, ஐக்கிய நாடுகள் சபை 1989-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் அவற்றின் சாயலைக் காண்கிறோம். நம் இந்தியாவும் 1992-இல் அதில் இணைந்தது. ஆயினும் எந்தப் பெரும் பணிக்குப் பின்னும், விடியுமுன் எழுந்து அடுப்பைப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் பல வேளைகளில் கல்லில் ஏறுவதில்லை. நம் இல்லங்களிலும், விடுதிகளிலும், மருத்துவமனைகளிலும் அத்தகையோர் இருக்கின்றனர். அவர்களை இன்றே அடையாளம் கண்டு நன்றி கூறுவது நம் கடமை.

ஸ்டெபா அம்மையாரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு. தொண்டு செய்யச் சென்ற இடத்தில் நம்மை விரும்புகிறார்களா என்ற கேள்வி நமக்கு இனிக்கும். நாம் போனபின் இந்தக் குழந்தைக்கு யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி சுடும். சுடுகின்ற அந்தக் கேள்வியை, வாசலில் நிற்கும்போது அல்ல, உள்ளே நுழையும் முன்பே நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். எத்தனை நாள் இருப்போம் என்பதை முதல் நாளே குழந்தையிடம் சொல்வோம். வர முடியாத நாளை வருவோம் என்று சொல்லாதிருப்போம். கடிதம் எழுதுவதாகச் சொன்னால் எழுதுவோம். பிரியும்போது கையெழுத்திட்ட ஓர் அட்டையையாவது கொடுத்து, நீ என் நினைவில் இருக்கிறாய் என்பதை அக்குழந்தை கையில் பிடித்துப் பார்க்கும்படி செய்வோம். நம்மையன்றி எவருமில்லாத ஒருவரை இறைவன் நம்மிடம் ஒப்படைத்திருந்தால், அவரிடம் விடைபெறாமல் இருக்கும் மனவலிமையை வேண்டுவோம்.

க்ரோக்மால்னா தெருவில் அந்த இல்லம் நின்ற கட்டடம் போரில் சேதமுற்றும் அழியாமல், பழுதுபார்க்கப்பட்டு, வேறொரு தெருப் பெயருடன் இன்றும் நிற்கிறது. கோர்ச்சாக்கின் வாழ்வையும் பணியையும் ஆராயும் நிலையம் அங்கே இயங்கி வருகிறது. அதன் வாசலிலிருந்துதான் எத்தனையோ பிள்ளைகள் கையில் நினைவு அட்டையோடு உலகிற்குள் நடந்து சென்றனர். அதே வாசலுக்குத்தான் 1939-ஆம் ஆண்டில், பாதுகாப்பான ஓரிடத்திலிருந்து விடைபெற்று, ஒரு பெண்மணி கையில் பெட்டியோடு திரும்பி வந்தார். பிள்ளைகள் அவரை எதிர்பார்த்திருந்தனர். அவரும் வந்து சேர்ந்தார்.